தென்காசியிலேயே முடித்துவிட வேண்டியவை

பிரான்சுக்குப் படிக்கப் போகிறவர்களுக்காக எழுதப்படும் அறிவுரைகளில் பெரும்பகுதி, இரண்டு ஆண்டு முதுகலைப் பட்டத்துக்கு முழுக் கட்டணம் கட்டிப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. பரிமாற்ற மாணவர் அந்த ரகம் இல்லை. அவர் படிப்புக் கட்டணத்தை இங்கே தன் கல்லூரியில் கட்டுகிறார்; பட்டமும் இங்கேதான் வாங்குகிறார்; பிரெஞ்சு வணிகப் பள்ளியில் ஒரு செமஸ்டர் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருகிறார். ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கும் இலையுதிர்ப் பருவம் டிசம்பரில் முடிந்துவிடும். ஜனவரியில் தொடங்குவது ஏப்ரல், மே வரை. ஆகமொத்தம் நான்கு மாதம். பட்ட மாணவர் வங்கிக் கணக்குத் திறக்க மூன்று வாரம் அலைந்தால் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். பரிமாற்ற மாணவருக்கு அதே மூன்று வாரம், தங்கும் காலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: உங்களிடம் குறைவாக இருப்பது பணத்தைவிட நேரம், ஆகவே ஊரில் இருந்தே முடிக்கக்கூடிய எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள், நான்கு மாதத்தில் பலன் தராத எதன் பின்னாலும் ஓடாதீர்கள்.

முதலில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பரிமாற்றம் என்பது தனி மாணவர் விண்ணப்பித்து வாங்கும் இடம் அல்ல, இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் இல்லாத கல்லூரியில் படிக்கும் மாணவர் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் இந்த வழியில் போக முடியாது. தென்காசி மாவட்டத்திலிருந்து இப்படிப் போகிறவர் பெரும்பாலும் திருச்சி, சென்னை, பெங்களூரு போன்ற இடங்களில் மேலாண்மை படிப்பவராகத்தான் இருப்பார். ஆனால் படிப்பு வெளியூரில் இருந்தாலும் காகிதங்கள் எல்லாம் சொந்த ஊரில்தான் கிடக்கின்றன. பிறந்ததைப் பதிந்த அலுவலகம், அப்பாவின் வங்கிக் கிளை, பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த காவல் நிலையம் எல்லாம் இங்கே. இலையுதிர்ப் பருவத்துக்குப் போகிறவரின் விசா வேலை விழுவதும் ஜூன், ஜூலையில், குற்றாலத்தில் சாரல் அடிக்கும் காலத்தில்தான். சீசனுக்கு ஊருக்கு வந்தால் அருவிக்கு ஒரு நாள், அலுவலகங்களுக்கு மற்ற நாட்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அலுவலகங்களில் முதலில் போக வேண்டியது பிறப்புச் சான்றிதழுக்கு. இந்தியாவில் பாஸ்போர்ட்டும் ஆதாரும் கையில் இருந்தால் பிறப்புச் சான்றிதழை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பிரான்சில் கதை வேறு. அந்த நாட்டு நிர்வாகம் ஒருவரை அடையாளம் காண்பதே பிறப்புப் பதிவை வைத்துத்தான். மருத்துவக் காப்பீட்டு எண் வாங்கப் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நம் பக்கத்துச் சான்றிதழ்களில் மூன்று சிக்கல் அடிக்கடி வரும். ஒன்று, பிறந்த வாரத்தில் பதிவு செய்தபோது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. பிறகு பெயரைச் சேர்க்கவும் இல்லை. அந்த இடம் இன்றும் வெற்றாகவே இருக்கும். இரண்டு, மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். இன்று கல்லூரியில் இருக்கும் எல்லோரும் அதற்கு முன் பிறந்தவர்கள் என்பதால் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருக்கும். பிறகு எடுத்த ஆவணங்களில் தென்காசி மாவட்டம் என்றிருக்கும். மூன்று, ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். குற்றாலத்தை வெள்ளைக்காரர் காலத்து எழுத்தில் ஒரு சான்றிதழ் சொல்லும், தமிழ் ஒலிப்படி இன்னொன்று சொல்லும். மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலம் என்று வேறோர் ஊரும் இருக்கிறது. நமக்கு இவையெல்லாம் சாதாரணம். லில்லிலோ லியோனிலோ கணினி முன் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு இவை இரண்டு வேறு ஊர்கள், இரண்டு வேறு ஆட்கள். பெயர் சேர்ப்பதையும் திருத்துவதையும் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ நேரில் நின்றால்தான் முடிக்க முடியும். ஐரோப்பாவில் இருந்துகொண்டு அப்பாவை அலைய விடுவதை விட, போவதற்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்குவது மேல். திருத்திய சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பமும் அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கி வையுங்கள். அப்போஸ்டில் உடன்படிக்கை 2005இலேயே இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்துவிட்டதால் தூதரகச் சான்று தனியாகத் தேவைப்படாது. பிரெஞ்சு மொழிபெயர்ப்புக் கேட்டால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததுதான் செல்லும். பிரெஞ்சு தெரிந்த நண்பர் செய்தது செல்லாது.

அடுத்தது பெயர். பிரெஞ்சுப் படிவம் ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றை வெற்றாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. நம்மிடமோ இனிஷியலும் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டவர்களுக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்தது. என்ன, பிரான்சில் வகுப்பில் வருகைப் பட்டியல் வாசிக்கும்போது நான்கு மாதமும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பழகிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்ட பாஸ்போர்ட்தான் ஆபத்து. ஒரு அலுவலகம் ஒரு மாதிரி நிரப்பும், இன்னொன்று வேறு மாதிரி நிரப்பும். விமானச் சீட்டு, பள்ளியின் சேர்க்கைக் கடிதம், விசா, வீட்டு ஒப்பந்தம், காப்பீடு ஐந்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். பாஸ்போர்ட்டைத் திருத்த நேரம் இருந்தால் திருத்திவிடுங்கள். இல்லையென்றால் பிரெஞ்சுப் பள்ளிக்கு முதல் மின்னஞ்சலிலேயே பாஸ்போர்ட் நகலை இணைத்து, எந்த வடிவத்தில் பதிய வேண்டும் என்று நீங்களே எழுதிச் சொல்லுங்கள். பிறகு எங்கும் அதே வடிவம்தான்.

விசாவைப் பொறுத்தவரை, மூன்று மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்கிற இந்தியர் எல்லோரும் பிரெஞ்சு அரசின் கேம்பஸ் பிரான்ஸ் அமைப்பு வழியாக, 'எத்யூத் ஆன் பிரான்ஸ்' தளத்தில் பதிந்துதான் போக வேண்டும். பரிமாற்ற மாணவருக்கு இதில் விலக்கு இல்லை. அது முடிந்தபின் விஎஃப்எஸ் விசா மையத்தில் நேரில் கைரேகை கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரருக்குச் சென்னையும் புதுச்சேரியும் வசதி. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியலில் எழும்பூர். ஆனால் சீசன் வாரக்கடைசிகளில் அந்த வண்டியில் இடம் கிடைப்பது விசா கிடைப்பதைவிடக் கடினம், ஆகவே மையத்தில் நேரம் கிடைத்த அன்றே டிக்கெட்டையும் பார்த்துவிடுங்கள். மாதத்துக்கு குறைந்தது 615 யூரோ என்ற கணக்கில் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். இது விசாவுக்கான குறைந்தபட்சம்தான். பாரிசில் வாடகைக்கே இது போதாமல் போகலாம். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சிலருக்குக் குடியிருப்பு அனுமதிக்கு நிகரான நீண்டகால விசா கிடைக்கும். அதைப் பிரான்சில் இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் கட்டணம் கட்டி உறுதிப்படுத்த வேண்டும், தவறினால் அந்த நாட்டில் இருப்பதே சட்டவிரோதமாகிவிடும். குறுகிய படிப்புக்குத் தற்காலிக நீண்டகால விசா கொடுப்பதும் உண்டு. அதற்கு இந்த உறுதிப்படுத்தல் கிடையாது, அங்கே இருந்துகொண்டு நீட்டிக்கவும் முடியாது. இரண்டில் எது என்பதைப் பொறுத்துத்தான் கீழே சொல்லப்போகும் பல சலுகைகள் அமையும்.

"அங்கே பள்ளியில் சர்வதேச அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே, போனபின் அவர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பல பள்ளிகளில் அந்த அலுவலகம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அவர்கள் வழிகாட்ட முடியுமே தவிர உங்கள் பிறப்புச் சான்றிதழைத் திருத்த முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. ஆகஸ்டில் பிரான்ஸ் விடுமுறையில் இருக்கிறது. வீட்டுத் தரகர், வங்கி ஊழியர், சிறு கடைக்காரர் வரை பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் செப்டம்பரில் வரும். செப்டம்பர் முதல் வாரத்திலோ நாடு முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து ஒரே வரிசையில் நிற்கும். சரியாக ஆகஸ்டு கடைசி, செப்டம்பர் முதல் என்ற அந்த இரண்டு வாரத்தில்தான் நீங்கள் போய் இறங்குகிறீர்கள். வகுப்பில் குழு சேர்வதும், மாணவர் சங்கங்கள் புது ஆள் எடுப்பதும் அதே இரண்டு வாரத்தில்தான். அப்போது வரிசையில் நின்றவருக்கு மிஞ்சுவது, மற்றவர்கள் சேர்ந்தபின் ஆள் குறைந்து நிற்கும் குழுதான்.

வீடு விஷயத்தில் முதல் கேள்வி, பள்ளி உண்மையில் எங்கே இருக்கிறது என்பது. 'பாரிஸ்' என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி நகர நடுவில் அறை எடுத்துவிடக் கூடாது. ஹெச்இசி இருப்பது பாரிசுக்கு வெளியே ழூயி-ஆன்-ழோசாவில். எஸ்செக்கின் முதன்மை வளாகம் செர்ழியில். எடெக் லில்லிலும் நீசிலும் இருக்கிறது. ஈஎம் லியோன் பெயரே ஊரைச் சொல்லிவிடுகிறது. பாரிஸ் வட்டாரப் போக்குவரத்துக்கு மாத அட்டை சுமார் 90 யூரோ. மாணவருக்கான சலுகை அட்டை ஆண்டுக் கணக்கில் என்பதால் நான்கு மாதக்காரருக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. வளாக விடுதி கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. கிடைக்காவிட்டால் வீட்டுக்காரரிடம் 'பைய் மொபிலிதே' ஒப்பந்தம் கேளுங்கள். 2018 சட்டத்தில் வந்த இந்த வகை, மாணவர், பயிற்சியாளர் போன்றோருக்காக ஒன்று முதல் பத்து மாதம் வரை சாமான்களோடு கூடிய அறைக்கானது; இதில் முன்பணம் வாங்குவதற்கே சட்டத்தில் இடமில்லை. வழக்கமான சாமான் அறை ஒப்பந்தத்தில் இரண்டு மாத வாடகைவரை முன்பணம் கேட்கலாம். பிரான்சில் வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வார். நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? விசால் என்ற இலவச ஜாமீன் திட்டம் அதற்குத்தான். விசா கையில் இருந்தால் புறப்படுமுன்பே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். குடியேறும் நாளில் அறையின் நிலையைப் பதிந்து இருவரும் கையெழுத்திடும் தாள் ஒன்று உண்டு. சுவரில் கீறல், குழாயில் கசிவு, மெத்தையில் கறை எதுவானாலும் எழுத வைத்து, கைப்பேசியில் படமும் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுக் காப்பீடும் கட்டாயம். அது சில யூரோ விஷயம்தான்.

பிரெஞ்சு அரசு தரும் வாடகை உதவித்தொகையைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். பட்ட மாணவருக்கு அது அர்த்தமுள்ளது. பரிமாற்ற மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் மாதத்துக்கு அந்த உதவி கிடையாது. அதற்கு உறுதிப்படுத்திய விசா, பிறப்புச் சான்றிதழ், பிரெஞ்சு வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இதைக் குறைக்கும் முயற்சியும் அங்கே நடந்திருக்கிறது. ஆகவே போகும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் சரி, ஆனால் அதை நம்பி அறை எடுக்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டில் நிலைமை வேறு. பதிவு இலவசம், செய்ய வேண்டியதும்கூட. ஆனால் எண் கைக்கு வருவதற்குள் நீங்கள் கிளம்பும் நாளே வந்துவிடக்கூடும். அதனால் முழுக் காலத்துக்குமான தனியார் காப்பீட்டை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மாணவர் வாழ்க்கைக் கட்டணம் என்று பிரான்சில் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு நூறு யூரோவுக்குச் சற்று மேல் கட்டும் சேவெக், ஒப்பந்தப் பரிமாற்றத்தில் வருகிறவருக்குக் கிடையாது. தெரியாமல் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டாம்.

பகுதிநேர வேலை பற்றியும் இதே கணக்குதான். மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. இதைக் கேட்டதும் வீட்டில் ஒரு நம்பிக்கை பிறக்கும், பையன் செலவை அவனே பார்த்துக்கொள்வான் என்று. மொழி தெரியாத ஊரில் வேலை தேடி, ஒப்பந்தம் போட்டு, முதல் சம்பளம் வருவதற்குள் அக்டோபர் முடிந்துவிடும். நவம்பரில் தேர்வும் குழு அறிக்கைகளும் சேர்ந்து வரும். நான்கு மாதத்துக்கான பணத்தைப் புறப்படுமுன்பே முழுவதுமாகத் திரட்ட முடியாவிட்டால், அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடக் கேட்பதே புத்திசாலித்தனம். பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொண்டு போவது எளிது. தமிழ்நாட்டு சிம்மை எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் பிறகு தவிப்பார்கள். இந்திய வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், ஆகவே ரோமிங் போட்டு அதை உயிரோடு வையுங்கள். 2024 தொடக்கத்தில் ஐஃபல் கோபுரத்துக்கு யுபிஐயில் டிக்கெட் வாங்கலாம் என்று வந்த செய்தியைப் படித்துவிட்டு, ரான்ஸ் நகரத்து ரொட்டிக் கடையில் ஜிபேயை நீட்டினால் கடைக்காரம்மா சும்மா பார்ப்பார்.

பெட்டியில் என்ன வைப்பது என்ற விவாதம் தென்காசி வீடுகளில் ஒரு மாதம் நடக்கும். இங்கே சட்டமே பாதி விவாதத்தை முடித்துவைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. நெய் போகாது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் போகாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் குற்றாலத்து மங்குஸ்தான், ரம்புட்டானுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே அவையும் இல்லை. பொடிகள், புளி, ஊறுகாய், வற்றல் போகலாம். ஆனால் இருபத்து மூன்று கிலோவில் பாதியை இட்லிப் பொடிக்குக் கொடுப்பது தேவையற்றது. பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பகுதி முழுக்க ஈழத் தமிழர் கடைகள். பொன்னி அரிசி முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். அங்குள்ள மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆகஸ்டு கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஓடும், நீங்கள் போய் இறங்கும் நேரம்தான். மற்றப் பெருநகரங்களிலும் தேடினால் கடை உண்டு. பெட்டியில் இடம் கொடுக்க வேண்டியது குளிருக்கும் மழைக்குமான உடைக்கு. கனத்த கோட்டை மட்டும் அங்கே வாங்குங்கள். இங்கே தேடினாலும் சரியானது கிடைக்காது. டிசம்பரில் பாரிசில் விடிய எட்டரை மணிக்கு மேலாகும், ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆண்டு முழுக்க வெயில் பார்த்துப் பழகியவருக்குக் குளிரைவிட இந்த இருட்டுதான் மனத்தைப் படுத்தும்.

காகிதத்தை ஊரில் முடித்துவிட்டால் மிச்சமாகும் நேரத்தை எங்கே போடுவது? வகுப்பறையில், அதிலும் குழு வேலையில். ஒரு செமஸ்டருக்கு முப்பது ஐரோப்பியக் கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஐந்து கிரெடிட் பாடம் என்றால் குறைந்தது 125 மணி நேரம். ஆனால் அந்தப் பாடத்துக்கு வகுப்பில் உட்காரும் நேரம் இதில் ஒரு சிறு பகுதிதான். மீதி எங்கே போகிறது? வாசிப்பு, அறிக்கை, குழுச் சந்திப்பு, கூட்டாக நின்று வழங்கும் விளக்கவுரை ஆகியவற்றில். கடைசிப் பரீட்சைக்கு முந்தின இரண்டு வாரம் ராத்திரி கண் விழித்துத் தேறுவது நமக்குக் கைவந்த கலை. அது அங்கே பலிக்காது. மதிப்பெண்ணின் கணிசமான பங்கு செமஸ்டர் முழுக்கச் சிறுகச் சிறுக விழுகிறது. வருகைப் பதிவும் கண்டிப்பு. பல பள்ளிகளில் சில நிமிடம் தாமதமானாலே வராதவர் கணக்கு. உடன் படிக்கும் பிரெஞ்சு மாணவர்களில் பலர் பள்ளி முடித்து இரண்டு ஆண்டு ஆயத்த வகுப்பில் அரைபட்டு, போட்டித் தேர்வு எழுதி உள்ளே வந்தவர்கள். ஒருவரையொருவர் முன்பே தெரியும், சங்கங்களும் விருந்துகளும் அவர்களுடையவை. அவர்களாக வந்து உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தால் மற்றப் பரிமாற்ற மாணவர்களோடு, அதிலும் மற்ற இந்தியர்களோடு, செமஸ்டர் முடிந்துவிடும். முதல் வாரத்திலேயே குறைந்தது ஒரு பாடத்தில் பிரெஞ்சுக்காரர் இருக்கும் குழுவில் இடம் கேளுங்கள்.

குழுவில் உங்கள் பங்கு என்ன? ஆங்கிலம் சரளமில்லையே என்று ஒடுங்கிக்கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மேலாண்மை வகுப்பில் விலை மதிப்புள்ள சரக்கு, மற்றவருக்குத் தெரியாத உண்மையான வணிக உதாரணம். அது தென்காசி மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஒரே நாளில் விலை ஏறி இறங்குவது, கெட்டுப்போகும் சரக்கின் விநியோகம் பற்றிய பாடம். குற்றாலத்தில் சாரல் விழும் வாரத்தில் லாட்ஜ் வாடகை எப்படி எகிறுகிறது, அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட அன்றைக்கு வந்த கூட்டத்தை யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது பருவகாலத் தேவை பற்றிய பாடம். ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு விடுதிகளை வைத்து அதே பாடத்தை அங்கே நடத்துவார்கள். மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோ அலுவலகம், பெருநகரத்துக்கு வெளியே மென்பொருள் தொழில் நடக்குமா என்ற கேள்விக்கு நேரடி உதாரணம். இவற்றைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னால் போதாது. புறப்படுமுன் ஒரு நாள் மண்டியில் ஏலம் நடக்கும் நேரத்தில் போய் நின்று விலையையும் கமிஷனையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் குறிப்பும் நான்கு புகைப்படமும் இருந்தால் போதும். பெட்டியில் ஏற்ற வேண்டிய சாமான்களில் எடை இல்லாததும் பயன் அதிகமுள்ளதும் இதுதான் என்பது என் கட்சி.

மதிப்பெண்ணைப் பற்றி முன்கூட்டியே ஒரு சண்டை போட்டுவிட வேண்டும், அதுவும் உங்கள் சொந்தக் கல்லூரியோடு. பிரான்சில் மதிப்பெண் இருபதுக்கு. பத்து எடுத்தால் தேர்ச்சி. பள்ளியிறுதித் தேர்வில் பதினான்கு எடுத்தாலே 'நன்று', பதினாறு எடுத்தால் 'மிக நன்று' என்று சான்றிதழில் அச்சிட்டுக் கொடுக்கிற நாடு அது. பதினெட்டு, பத்தொன்பது எல்லாம் அபூர்வம். அங்கே பதின்மூன்று வாங்கியவர் நன்றாகவே படித்திருக்கிறார். ஆனால் இங்குள்ள தேர்வுப் பிரிவு அதை ஐந்தால் பெருக்கி 65 விழுக்காடு என்று எழுதினால், எண்பத்தைந்துக்குக் குறையாமல் வாங்கிக்கொண்டிருந்தவரின் சராசரி சரிந்து, வளாக வேலைவாய்ப்புக்கான தகுதிக் கோட்டுக்குக் கீழே போய்விடும். சில நிறுவனங்கள் இதைத் தவிர்க்கப் பரிமாற்றப் பாடங்களுக்குத் தேர்ச்சி என்று மட்டும் பதிகின்றன. சிலவற்றில் மாற்று அட்டவணை இருக்கிறது. சிலவற்றில் கேட்டால்தான் யோசிக்கவே தொடங்குவார்கள். எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எந்த அட்டவணைப்படி மாற்றம் என்ற மூன்றையும் கையெழுத்தோடு வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். பிரான்சில் போய்ப் பாடம் மாற்றினால் அன்றே மின்னஞ்சலில் மறு ஒப்புதல் வாங்குங்கள்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் பிரெஞ்சு வேண்டாம் என்பது பாதி உண்மை. பேராசிரியரிடம் வேண்டாம், மருந்துக்கடையிலும் வீட்டுக்காரரிடமும் வேண்டும். நான்கு மாதத்துக்காக இலக்கணம் முழுவதும் படிக்கச் சொல்வது மிகை. எண்கள், கிழமைகள், மருந்து, வலி, வாடகை, ரசீது என்ற அளவில் இணைய வகுப்பில் இரண்டு மாதம் செலவழித்தால் போதும். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் இங்கேயே நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்: கடையில், பேருந்தில், அலுவலகக் கவுண்டரில், எதைக் கேட்பதற்கு முன்பும் 'போன்ழூர்' சொல்லி ஒரு நொடி நிற்க வேண்டும். நம் ஊரில் கடைக்காரரிடம் நேரே "அண்ணாச்சி, அரைக் கிலோ சீனி" என்றால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, அண்ணாச்சி என்பதிலேயே வணக்கம் அடங்கிவிடுகிறது. அங்கே வணக்கம் இல்லாத கேள்வி திட்டுக்குச் சமம். பிரெஞ்சுக்காரர் முரடர் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களில் பலர் இந்த ஒரு சொல்லை விட்டவர்கள் என்றே தோன்றுகிறது.

இவ்வளவு பாடுபட்டு நான்கு மாதம் போவதில் என்ன கிடைத்துவிடும், அந்தப் பணத்துக்கு இங்கேயே ஏதாவது செய்யலாமே என்ற கேள்வி வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும். படிப்புக் கட்டணம் கூடுதலாக இல்லை என்பது ஒரு பதில். ஆனாலும் விமானச் சீட்டும் வாடகையும் சாப்பாடும் சேர்ந்து சில லட்சம் ஆகத்தான் செய்யும். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், திரும்பியதும் வேலை உறுதியாக இல்லாத நிலையில் போக வேண்டாம் என்பதே நேர்மையான அறிவுரை. பணம் இருக்கிறவருக்குக் கிடைப்பது வேறு. முதுகலைப் பட்டம் பெற்று, பிரான்சில் ஒரு செமஸ்டராவது படித்திருக்கும் இந்தியருக்கு ஐந்தாண்டு செல்லும் குறுகியகால ஷெங்கன் விசா தருவதாக 2023இல் பிரான்ஸ் அறிவித்தது. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது அந்த நாட்டின் இலக்கு. ஏற்றுமதி, மென்பொருள், சுற்றுலா எதில் இறங்கினாலும் ஐரோப்பாவுக்கு இரண்டாம் முறை போவது சுலபமாகும். ஆனால் அந்த விசாவையும் தாண்டி உதவுவது, தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஐந்தாறு பேர் அங்கே இருப்பதுதான். அது நான்கு மாதத்திலும் முடியும், அந்த நான்கு மாதமும் வரிசையில் கழியாவிட்டால்.

திரும்பும்போதும் அவசரம் கூடாது. சாமான் அறையைக் காலி செய்ய ஒரு மாதம் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும், டிசம்பர் கடைசியில் கிளம்புகிறவர் நவம்பரிலேயே. சாவி கொடுக்கும் நாளில் பழைய தாளை வைத்து அறையை மறுபடி சரிபார்ப்பார்கள். வந்த நாளில் எடுத்த படங்கள் அப்போது கைகொடுக்கும். முன்பணம் கொடுத்திருந்தால், சேதம் இல்லாத அறைக்கு அது ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது சட்டம். அதற்குள் நீங்கள் தென்காசியில் இருப்பீர்கள், ஆகவே பணம் வரவேண்டிய கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். பிரெஞ்சுப் பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரி எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல் நீங்கள் ஊர் வந்து பல வாரம் கழித்துத்தான் வரும், பெரும்பாலும் அந்த முகவரிக்கே வரும்.